நன்றிக் கடிதத்தின் எழுதப்படாத நான்காம் பத்தி

வேளாங்கண்ணித் திருத்தலத்தின் காணிக்கைப் பொருட்காட்சியகத்தை நம்மில் பலரும் கண்டிருப்போம். வெள்ளியில் வார்த்த கைகளும் கால்களும் கண்களும் அங்கே வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. அவற்றினருகே, பெற்ற நன்மைக்கு நன்றி கூறி எழுதப்பட்ட கடிதங்கள். நம் பக்தி ஏடுகளின் இறுதிப் பக்கங்களிலும் 'நன்றி அறிவிப்பு' என்ற தலைப்பின்கீழ் இதே குரலைக் கேட்டு வருகிறோம். இவற்றை இலக்கியம் என்று எவரும் கருதுவதில்லை. ஆயினும் தனக்கென ஓர் அமைப்பும், ஒரு மரபும், தவறாத வாசகர் கூட்டமும் கொண்ட எழுத்து வகை இது. புதினங்களைத் திறனாய்வு செய்யும் நாம், நம் மக்கள் மிகுதியாக வாசிக்கின்ற, மிகுதியாக நம்புகின்ற இவ்வெழுத்தை ஒருமுறையேனும் திறனாய்வுக் கண்கொண்டு நோக்குதல் தகும்.

இக்கடிதத்தின் அமைப்பு எளிது. முதற் பத்தியில் நோய் வருகிறது. இரண்டாம் பத்தியில் மன்றாட்டு எழுகிறது. மூன்றாம் பத்தியில் நலம் கிட்டுகிறது. அத்தோடு முற்றுப்புள்ளி. செபக்கூட்ட மேடைகளில் வாய்மொழியாகச் சொல்லப்படும் சாட்சியங்களும் இந்த மூன்று பத்திகளைத் தாண்டுவதில்லை. புனிதர் வரலாறுகளிலும் இதே வார்ப்பைக் காண்கிறோம். புற்றுநோயாளரின் பாதுகாவலராக நாம் வணங்கும் புனித பெரெக்ரின், இத்தாலியின் ஃபோர்லி நகரில் வாழ்ந்த மரியின் ஊழியர் சபைத் துறவி. காலில் புண் முற்றி, மறுநாள் காலை அகற்றுவதாக மருத்துவர் முடிவு செய்திருந்த இரவில், சிலுவையின் முன் செபித்து அவர் நலம் பெற்றார் என்பது மரபு. அதன்பின் பல்லாண்டுகள் வாழ்ந்து 1345இல் இறந்தார். 1726இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அந்த ஓர் இரவை நம் செப அட்டைகள் விரித்துரைக்கின்றன. அதற்குப் பின் அவர் வாழ்ந்த ஆண்டுகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. குணமான காலைத் தரையில் ஊன்றிய ஒவ்வொரு காலையிலும் அம்மனிதர் என்ன எண்ணினார்? கேட்பாரில்லை.

நன்றியை நாம் குறைத்துப் பேசவில்லை. குணம் பெற்ற பத்துத் தொழுநோயாளருள் திரும்பி வந்து நன்றி கூறியவர் ஒருவரே என்று ஆண்டவர் வருந்தியதை லூக்கா பதிவு செய்திருக்கிறார். எழுதியவரின் உள்ளத்தில் நமக்கு ஐயமில்லை. நம் வினா எழுத்தின் வடிவத்தைப் பற்றியது: மூன்று பத்திகளோடு முடியும் இவ்வடிவம், புற்றுநோயிலிருந்து மீண்டவரின் உண்மையைத் தாங்க வல்லதா?

காய்ச்சல் தணிந்தவனுக்கு முற்றுப்புள்ளி பொருந்தும். முறிந்த எலும்பு கூடியவனுக்கும் பொருந்தும். புற்றுநோயின் இலக்கணம் வேறு. அறுவைச் சிகிச்சையும் கீமோவும் கதிர்வீச்சும் முடிந்தபின், "நோய் போய்விட்டது" என்று சொல்ல மருத்துவர் தயங்குவார். "இப்போதைக்கு ஒன்றும் தென்படவில்லை" என்பார். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் முதல் மூன்று ஆண்டுகள் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும், அடுத்த இரண்டு ஆண்டுகள் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் பரிசோதனைக்கு வருவது பொதுவான நடைமுறை. ஐந்தாண்டு கடந்தால் ஆபத்து அகன்றது என்று நம் மக்கள் கணக்கிடுவர். பல வகைப் புற்றுநோய்களில் அது பெரிதும் உண்மை. ஆனால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி கொண்ட மார்பகப் புற்றுநோய் இருபது ஆண்டுகள் வரையிலும் திரும்பக்கூடும் என்பதை 2017இல் வெளியான பெரும் ஆய்வொன்று காட்டியது. தொடக்க நிலையிலேயே கண்டறிந்து முறையாகச் சிகிச்சை பெற்றவருள் பெரும்பாலோர்க்கு அது திரும்புவதில்லை என்பதும் அதே அளவு உண்மை. இவ்விரண்டு உண்மைகளுக்கும் நடுவில்தான் மீண்டவர் வாழ்கிறார்.

அந்த வாழ்வின் நாள்களை அருகிருந்து காண்பவர் அறிவர். முதுகில் சிறு வலி தோன்றினால், அது தண்ணீர்க் குடம் தூக்கியதால் வந்ததா, எலும்புக்கு நோய் பரவியதால் வந்ததா என்று நள்ளிரவில் எழும் கேள்வி. பரிசோதனை நாள் நெருங்க நெருங்க உணவும் உறக்கமும் விலகும் நிலை. ஒரே நோய்க்கு ஒன்றாகச் சிகிச்சை பெற்ற தோழி இறந்தாள் என்ற செய்தி வரும் நாளில் நெஞ்சில் விழும் கல். நோய் மீண்டும் வருமோ என்னும் இவ்வச்சத்தை மருத்துவ உலகம் இன்று தனிப் பெயரிட்டு ஆராய்கிறது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான மதிப்பீட்டின்படி, மீண்டவருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரை இது கடுமையாக வாட்டுகிறது. மிதமான அளவிலேனும் இதை உணர்வோர் பாதிக்கு மேல். அவ்வாறாயின், நம் ஆலயத்தில் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்க வருவோருள் எத்தனை பேர் இதைச் சுமந்துகொண்டு முழந்தாளிடுகின்றனர் என்று எண்ணிப் பார்க்கலாம்.

எழுத்தின் குறை எழுத்தோடு நின்றுவிட்டால் நாம் இவ்வளவு கூற வேண்டியதில்லை. நாம் அறிந்த பங்கு ஒன்றில், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்மணி ஒருவர் செபக்கூட்டத்தில் சாட்சி சொன்னார். கூட்டம் கைதட்டி இறைவனைப் புகழ்ந்தது. அடுத்த பரிசோதனைக்குக் குறித்த நாள் வந்தது, அவர் போகவில்லை. ஏன் என வினவியபோது அவர் கூறியது: "மேடையேறி, சுகமாயிட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேனே சாமி. இப்ப திரும்பவும் டெஸ்டுக்குப் போய் நின்னா, ஆண்டவரை நம்பலேன்னு ஆயிடாதா?" ஏழு மாதங்கள் தள்ளிப்போன பரிசோதனைக்கு அவருடைய நாத்தனார்தான் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். முடிவு நல்லதாகவே இருந்தது. ஆனால் அந்த ஏழு மாதங்களும் அவர் ஒரு பிரதியின் கைதியாக இருந்தார். தாம் சொன்ன கதை முடிந்துவிட்டதால், அதன் முடிவுக்கு ஏற்ப வாழ வேண்டியவரானார். முடிவு வேறாக இருந்திருப்பின் அதன் விலை என்ன என்பதை வாசகரே உய்த்துணர்வர்.

மேலைநாட்டில் இந்த நான்காம் பத்தியை எழுத முயன்றோர் உளர். அவருள் இருவரை இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதல்வர் ஃபிட்ஸ்ஹியூ முல்லன். அமெரிக்க மருத்துவரான இவருக்கு 1975இல், 32ஆம் வயதில், மார்புக்கூட்டினுள் புற்றுநோய் கண்டது. பத்தாண்டுகளுக்குப் பின், 1985இல், 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் 'உயிர்பிழைத்தலின் பருவங்கள்' என்னும் பொருள்படும் சிறு கட்டுரை ஒன்றை எழுதினார். நோயுற்றோரைக் குணமானவர், குணமாகாதவர் என்று இரண்டாகப் பிரிப்பது பொய் என்பது அவருடைய வாதம். அவர் மூன்று பருவங்களைக் காண்கிறார்: சிகிச்சையின் கடும் பருவம், சிகிச்சை முடிந்து காத்திருக்கும் நீள் பருவம், நோய் திரும்பும் வாய்ப்பு மிகக் குறைந்துவிட்ட நிலைத்த பருவம். நடுப் பருவத்தை ஆள்வது அச்சமே என்று அவர் வெளிப்படையாக எழுதினார். நீரில் மூழ்குவோரைக் கரைசேர்க்கும் கலையில் நாம் தேர்ந்துவிட்டோம். கரையேறியவர் இருமித் தவிக்கையில் அவரை அங்கேயே விட்டுப் போய்விடுகிறோம் என்பது அவர் காட்டும் உவமையின் சாரம். மறு ஆண்டில், 1986இல், புற்றுநோயிலிருந்து மீண்டோருக்கான தேசியக் கூட்டமைப்பு ஒன்று அமெரிக்காவில் உருவாவதற்கு அவரும் துணைநின்றார். ஒரு கட்டுரை ஓர் அமைப்பாகக் கனிவது அரிது. அவ்வகையில் இதன் பெருமை மறுக்க இயலாதது.

ஆயினும் முல்லனின் பருவங்கள் ஒரே திசையில் நடக்கின்றன: கடுமையிலிருந்து காத்திருப்புக்கு, காத்திருப்பிலிருந்து நிலைப்புக்கு. 'பருவம்' என்ற அவருடைய சொல்லே அவருடைய வரைபடத்தை மீறிச் செல்கிறது. போன மழை அடுத்த ஐப்பசியில் திரும்பி வருவதை நம் உழவர் அறிவர். பத்தாண்டுகளாக அமைதியாயிருந்த ஒருவர், தம் உடன்பிறந்தாருக்கு அதே நோய் வந்த செய்தி கேட்டு முதல் நாளின் நடுக்கத்துக்கே திரும்பிவிடக் காண்கிறோம். அச்சம் நேர்க்கோட்டில் தேய்வதில்லை; அது பண்டிகை போலத் தன் நாளில் வந்து போகிறது.

இரண்டாமவர் ஆர்தர் ஃபிராங்க். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தவர். 39ஆம் வயதில் மாரடைப்பையும் 40ஆம் வயதில் புற்றுநோயையும் கண்டவர். 1995இல் வெளிவந்த 'காயமுற்ற கதைசொல்லி' என்ற பொருள்தரும் தலைப்புடைய நூலில், நோயாளர் சொல்லும் கதைகளை இவர் மூன்றாக வகுக்கிறார். இழந்த நலம் திரும்பக் கிடைத்தது என்னும் மீட்புக் கதை. எதுவும் ஒழுங்குபடாத குழப்பக் கதை. நோயை ஒரு பயணமாக ஏற்று அதிலிருந்து ஏதேனும் பெற்றுவரும் தேடல் கதை. சமூகம் கேட்க விரும்புவது முதல் வகையை மட்டுமே என்கிறார். நம் நன்றிக் கடிதத்தின் முகம் இந்தக் கண்ணாடியில் தெளிவாகத் தெரிகிறது.

ஃபிராங்கின் நூலில் நம்மை நிறுத்தி வைப்பது வேறொரு கருத்து. நலமாகவே நடமாடி, ஆயினும் முற்றிலும் குணமானவர் என்று ஒருநாளும் சொல்லப்படாதோரின் பெரும் சமூகம் ஒன்று நம்மிடையே கண்ணுக்குத் தெரியாமல் வாழ்கிறது என்கிறார் அவர். நலமுற்றோர் நாடு, நோயுற்றோர் நாடு என்னும் இரண்டிலும் மனிதருக்குக் குடியுரிமை உண்டு என்ற கருத்தை சூசன் சொண்டாக் 1978இல் முன்வைத்திருந்தார். ஃபிராங்க் அதைத் திருத்தி, மீண்டவர்கள் நலமுற்றோர் நாட்டில் விசாவில் வாழ்பவர்கள். அந்த விசாவை அவ்வப்போது புதுப்பித்தாக வேண்டும் என்கிறார். வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பியுள்ள நம் குடும்பங்களுக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. புதுப்பிக்கும் நாள் நெருங்குகையில் வீடு முழுவதும் கனக்கும் மௌனத்தை அவர்கள் அறிவார்கள். ஸ்கேன் எடுக்கும் நாள் அத்தகைய நாள்.

இந்நூலின் குறை அது பிறந்த மண்ணின் குறை. தம் கதைக்குத் தாமே உரிமையாளர் என்று ஃபிராங்கின் நோயாளர் எண்ணுகின்றனர். நம் நாட்டில் கதையின் உரிமை குடும்பத்தினுடையது. நோயின் பெயரையே நோயாளியிடம் மறைத்து 'கட்டி' என்று மட்டும் சொல்லும் வீடுகள் இன்றும் உள்ளன. மகளின் திருமணப் பேச்சு கெடும் என்று அஞ்சித் தாயின் நோயை உறவினரிடம் மறைப்போரும் உண்டு. சிகிச்சை முடிந்தபின் அச்சத்தை வாய்விட்டுச் சொன்னால், "அதையே ஏம்மா நினைக்கிற, நல்லதையே பேசு" என்று அன்போடு வாயடைப்பர். அன்பினால் அடைக்கப்பட்ட வாய் திறப்பது கடினம். மேலும், துன்பத்திலிருந்து ஏதேனும் ஞானம் பெற்று வருபவனையே ஃபிராங்க் பெரிதும் போற்றுகிறார். ஞானம் எதுவும் பெறாமல், அஞ்சி, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மறுபடியும் அஞ்சி வாழும் எளிய தாய்க்கு அவருடைய நூலில் இருக்கை சிறிதே.

அந்த இருக்கையைத் தேடி நாம் தொலைவு போக வேண்டியதில்லை. நம் கையிலுள்ள விவிலியத்திலேயே ஒரு நன்றிக் கடிதம் உண்டு. எசாயா நூலின் 38ஆம் அதிகாரத்தில் அரசர் எசேக்கியா சாகும் தறுவாயிலிருந்து மீண்டு, தம் ஆயுளில் பதினைந்து ஆண்டுகள் கூடப்பெறுகிறார். அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைத்துக் கட்டும்படி இறைவாக்கினர் கூறியதும் அங்கேயே உள்ளது; மன்றாட்டும் மருந்தும் அங்கே பகைவரல்லர். நலம் பெற்றபின் எசேக்கியா எழுதிய பாடல் ஒன்றை அவ்வதிகாரம் காத்து வைத்திருக்கிறது. குணமானபின் எழுதப்பட்ட பாடல் என்பதை நினைவிற்கொண்டு அதை வாசிக்க வேண்டும். ஏறத்தாழப் பாதிப் பாடலும் நடுக்கமே. பிடுங்கப்பட்ட கூடாரம், தறியிலிருந்து அறுக்கப்பட்ட துணி, எலும்பை நொறுக்கும் சிங்கம், முனகும் புறா என்று உருவகங்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன. அதற்குப் பின்னரே புகழ்ச்சி வருகிறது. புகழ்ச்சி வந்ததற்காக அச்சத்தின் வரிகளை எவரும் அடித்துத் திருத்தவில்லை. நம் ஏடுகளின் நன்றி அறிவிப்புகளில் இல்லாத துணிவு இப்பாடலில் உண்டு.

அடுத்த அதிகாரம் மேலும் கூரியது. அரசர் நோயுற்று நலமடைந்தார் எனக் கேட்டுப் பாபிலோனிலிருந்து தூதர் வருகின்றனர். எசேக்கியா தம் கருவூலம் முழுவதையும் திறந்து காட்டுகிறார். இறைவாக்கினரோ அதைக் கண்டு மகிழவில்லை. குணமானவரைக் காட்சிப்பொருளாக்கும் ஆர்வம் நம் மேடைகளில் தொடங்கியதன்று.

இனி, நடைமுறைக்கு வருவோம். மீண்டவரின் அச்சத்தைத் தணிக்க வழி உண்டா? உண்டு. ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்டு, மீண்டோர் 222 பேரிடம் சோதிக்கப்பட்டு, 2017இல் முடிவுகள் வெளியான 'கான்கர் ஃபியர்' என்னும் உளவியல் துணைமுறை, உடல்தளர்வுப் பயிற்சியைவிட நன்கு பயனளித்தது. அச்சத்தை அடியோடு துரத்துவது அதன் நோக்கமன்று. அச்சம் வரும்போது கவனத்தை எங்கே வைப்பது, எந்த அறிகுறியைப் பொருட்படுத்துவது, எஞ்சிய வாழ்வில் தாம் எதைப் பெரிதாக மதிப்பது என்பவற்றை அது பயிற்றுவிக்கிறது. இத்தகைய கல்வியின் எளிய பகுதிகளைப் பங்குகளிலும் இல்லங்களிலும் நாம் மேற்கொள்ளலாம்.

எந்த அறிகுறிகளுக்கு உடனே வரவேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது முதல் உதவி. எல்லையற்ற அச்சத்துக்கு அது ஓர் எல்லை கட்டும். நாள் முழுவதும் உடலைத் தடவிப் பார்ப்பதும், அச்சம் தாளாமல் பரிசோதனையைத் தவிர்ப்பதும் ஒரே மரத்தின் இரு கிளைகள். இரண்டுக்கும் மருந்து, குறித்த நாளில் குறித்தபடி செல்வதே. அந்நாளில் அவரோடு ஒருவர் துணைசெல்வது நம் அன்பியங்களால் இயலும். செல்பவர் அறிவுரையைவிட ஒரு குடுவைக் காபியை எடுத்துச் செல்வது நன்று. "விசுவாசம் இருந்தால் பயம் எதற்கு?" என்ற கேள்வியை நாம் முற்றாகக் கைவிட வேண்டும். கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவரே திகிலுற்றார் என்று மாற்கு எழுதியிருக்க, எளிய மனிதரிடம் அதற்கு மேலும் எதிர்பார்ப்பது எந்த இறையியல்? அச்சம் மாதக்கணக்கில் உறக்கத்தையும் வேலையையும் குலைத்தால், மனநல மருத்துவரை அல்லது உளவள ஆலோசகரை நாடச் சொல்வதும் மேய்ப்புப் பணியே. 1954இல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களில் உள்ளத்தின் சுமையைக் கேட்பதற்கெனவே பணியாளர் உள்ளனர்.

திருச்சபையின் திருவருட்சாதனமும் இதையே கற்பிக்கிறது. 'அவஸ்தைப் பூசுதல்' என்று நம் முன்னோர் அஞ்சிய அடையாளத்தை, 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'நோயில்பூசுதல்' என்று அழைப்பதே பொருத்தம் என்றது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதன் முறையைப் புதுப்பித்தார். நலம் பெற்றவர் மீண்டும் கடும் நோயுற்றால் மீண்டும் பூசப்படலாம் என்பது அதன் ஒழுங்கு. நோய் திரும்பக்கூடும் என்பதைத் திருச்சபை தன் வழிபாட்டு ஒழுங்கிலேயே ஏற்று வைத்திருக்கிறது. அவ்வாறு திரும்பினால் முதற் பூசுதல் பொய்த்தது என்று அது கருதுவதில்லை.

இவற்றையெல்லாம் கூறியபின், ஒரு கதைமாந்தரை நினைவுகூராமல் இத்திறனாய்வை முடிக்க இயலாது. பெத்தானியாவின் இலாசர் கல்லறையிலிருந்து வெளிவந்ததோடு நம் மறையுரைகள் முடிந்துவிடுகின்றன. யோவான் முடிக்கவில்லை. அடுத்த அதிகாரத்தில், உயிர்பெற்றெழுந்தவரைக் காண மக்கள் திரள்கின்றனர். தலைமைக் குருக்களோ அவரையும் கொன்றுவிடத் திட்டமிடுகின்றனர். ஒருமுறை இறந்தவர் மறுபடியும் சாவின் நிழலில் வாழ்கிறார். நான்காம் பத்தியை நற்செய்தியாளர் எழுதத் தயங்கவில்லை. அந்நாள்களில் இலாசர் ஒரு சொல்லும் பேசியதாக நற்செய்தியில் இல்லை. அவரிடம் சாட்சி சொல்லும்படி ஆண்டவர் கேட்டதாகவும் இல்லை. ஆண்டவரோடு பந்தி அமர்ந்தவர்களுள் இலாசரும் ஒருவர் என்று மட்டும் யோவான் எழுதுகிறார்.

நம் ஏடுகளின் ஆசிரியர்களுக்கும் செபக்கூட்டங்களை நடத்துவோர்க்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் சிறிது. நன்றி கூற வருபவரிடம், "இப்போது எப்படி இருக்கிறீர்கள்? அடுத்த பரிசோதனை எப்போது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையையும் அச்சிடுங்கள். அதை வாசிக்கும் வேறொருவர், தம் வீட்டின் இருளில், இவ்வச்சம் தமக்கு மட்டும் உரியதன்று என்று அறிந்து, குறித்த நாளில் மருத்துவமனைக்குப் புறப்படுவார்.